ரொம்பச் சீக்கிரம் வந்த பதில்

ஈஸ்டர் வந்தால் போதும், எங்கள் நார்வேக்காரர்களுக்குக் கொலை ஆசை வந்துவிடும். தப்பாக நினைக்காதீர்கள், படிக்கிற ஆசைதான். மலைமேல் ஆளுக்கொரு மரவீடு, மடியில் ஒரு கூடை ஆரஞ்சு, கையில் ஒரு துப்பறியும் கதை. பால் பாக்கெட்டின் முதுகில்கூட ஒரு குட்டிக் கொலையை அச்சடித்து விற்பார்கள். நாடே இப்படித் துப்பறிந்துகொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை காலையில், நிஜமாகவே துப்பறிந்து வயிறு வளர்க்கிற இரண்டு ஜீவன்கள் மட்டும் ஆஸ்லோவில் மிச்சம் இருந்தன.

ஒன்று என் பாஸ், ஒட்னி குவாம்மே. இன்னொன்று நான், தோர்கெல். மூளை அவருடையது, வாய் என்னுடையது.

கேஸ் இதுதான். தனியாக வாழும் வயதானவர்கள் கையில் ஒரு பட்டன் கட்டிக்கொள்வார்கள் இல்லையா, விழுந்தால் அழுத்துவதற்கு? அந்த அலாரத்தை நாடு முழுக்க நடத்துவது ஹாவெலின் என்கிற கம்பெனி. வியாழக்கிழமை சாயங்காலம் மொத்த சிஸ்டமும் மல்லாக்கப் படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, சிகுர்ட் என்கிற பழைய மீன்பிடிக்காரர் சமையலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். விடிய விடியத் தரையில் கிடந்திருக்கிறார். நாயை நடத்திக்கொண்டு போன பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியே பார்த்ததால் பிழைத்தார்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம். “பட்டன் செத்துப்போச்சுன்னு எனக்கு என்னம்மா தெரியும்? யாரோ வந்துட்டே இருக்காங்கன்னு நெனைச்சு அழுத்திக்கிட்டே கெடந்தேன்” என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. அது லேசில் நடக்கிற காரியமில்லை, என் அம்மாவைக் கேளுங்கள்.

குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்கிற வேலை எங்களுக்கு இல்லை. அதைக் கம்பெனியின் தலைவர் ஹல்வார்ட் ரோம்ஸ்டா ஏற்கெனவே முடித்துவிட்டார். இன்ஜினியர் சுனிவாதான். நாங்கள் போய் ‘ஆமாம் சாமி’ என்று சொன்னால் போதும். மத்தியானம் அவருடைய மலைவீட்டில் விருந்து. அங்கே போலீஸ் அதிகாரி குட்டொர்மும் வருகிறார். எங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் ஆஸ்லோ போலீசுக்குச் சொல்லி சுனிவாவை உள்ளே தள்ளுவதாக ஏற்பாடு. ஆட்டுக்கறிக்கும் ஜெயிலுக்கும் ஒரே அழைப்பு.

அலாரம் கம்பெனிக்குள் நாங்கள் நுழைந்தபோது, அந்தப் பெரிய ஆபீசில் மூன்றே பேர். கண்ணாடி அறைக்குள் அலாரத்துக்குப் பதில் சொல்கிற இரண்டு பேர். வெளியே திரைகளுக்கு முன்னால், தூங்கி இரண்டு நாளான கண்களோடு சுனிவா.

“உங்களை சஸ்பெண்ட் பண்ணிட்டதா கேள்விப்பட்டேன்” என்றார் பாஸ்.

“பண்ணிட்டாங்க மேடம்.”

“அப்போ இங்க என்ன பண்றீங்க?”

“சிஸ்டத்தைப் பாத்துட்டு இருக்கேன். வேற ஆள் இல்ல. எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க. செவ்வாய்க்கிழமை வரைக்கும் நீயே பாத்துக்கோன்னு ஹல்வார்ட் சொல்லிட்டாரு.”

நான் சிரித்துவிட்டேன். “திருடின்னு தீர்ப்பும் சொல்லிட்டு, சாவிக்கொத்தையும் கையில குடுத்துட்டுப் போயிருக்காங்க பாஸ். லீவுன்னா லீவுதான்.”

சுனிவா சிரிக்கவில்லை. மேஜையில் இருந்த மூன்று ஆரஞ்சுகளை எடுத்து வரிசையாக வைத்தாள்.

“இது ஆஸ்லோ. இது ஸ்டைன்டால், மலைப்பள்ளத்தாக்குல ஒரு பழைய பால் பண்ணைக் கட்டடம். இது பூடோ, வடக்கே அந்தக் கோடி. மூணு ஊர்ல மூணு சர்வர். நான்தான் வடிவமைச்சேன். ஒரு ஊர்ல கரண்ட் போகலாம், வெள்ளம் வரலாம், எலி ஒயரைக் கடிக்கலாம். மத்த ரெண்டும் வேலையைப் பாத்துக்கும்.”

“ரெண்டு செத்தா?”

“மூணாவது வாயை மூடிக்கணும்.”

“ஏன்? உயிரோடதானே இருக்கு?” என்றேன்.

“மூணு பேர் பஞ்சாயத்து மாதிரி. ரெண்டு பேர் ஒத்துக்கிட்டாதான் முடிவு. தனியா மிஞ்சினவனுக்கு, மத்த ரெண்டு பேரும் செத்தாங்களா, இல்ல தன் காதுதான் கேக்கலையான்னு தெரியாது. அவன் பாட்டுக்கு ஒரு முடிவு எடுப்பான், அங்க அவங்க வேற முடிவு எடுத்திருப்பாங்க. ஒரே வீட்டுக்கு ரெண்டு ஆம்புலன்ஸ் போகும், இன்னொரு வீட்டுக்கு ஒண்ணுமே போகாது. அதுக்குத்தான் நிறுத்திடறோம்.”

“வியாழக்கிழமை என்ன ஆச்சு?”

சுனிவா ஸ்டைன்டால் ஆரஞ்சைத் தட்டிவிட்டாள். “ஈஸ்டர் கூட்டம் முழுக்க அன்னிக்கு மலையேறிச்சு. எல்லாரும் வந்தவுடனே ஹீட்டரைப் போட்டு, மின்சாரக் காரையும் சார்ஜ்ல சொருகிட்டாங்க. பள்ளத்தாக்கோட டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சது. ஸ்டைன்டால் போச்சு. அது பரவாயில்ல, அதுக்குத்தான் பூடோ இருக்கு. ஆனா…” பூடோ ஆரஞ்சையும் தட்டினாள். “அதே நொடியில இதுவும் போச்சு. பூடோவுல கரண்ட் போகவே இல்ல மேடம். ஊரே வெளிச்சமா இருந்திருக்கு.”

“ஹல்வார்ட் சொல்றது, ஸ்டைன்டால் விழுந்ததைப் பாத்துட்டு நீங்க இங்கருந்தே பூடோவை அணைச்சிட்டீங்கன்னு.”

“அந்த அதிகாரம் எனக்கு மட்டும்தான் இருக்கு. அதோட, சிஸ்டம் பலவீனமா இருக்கு, ஸ்டைன்டாலுக்கு பேட்டரி வாங்கிக் குடுங்கன்னு ஒரு வருஷமா கத்திட்டு இருந்தேன். மூணாவது சர்வர் இருக்கறப்போ பேட்டரி எதுக்குன்னு அவர் சிரிச்சாரு. இப்போ ‘நான் அப்பவே சொன்னேன்ல’ன்னு காட்டறதுக்காகவே அணைச்சேனாம்.” அவள் குரல் உடைந்தது. “அந்தப் பெரியவர் தரையில கெடந்தாரு மேடம். அதை நான் பண்ணுவேனா?”

ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை பாஸ். ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

“பூடோவுக்கு ஒரு போன் போட்டு, அங்க இருக்கற ஆளை நேர்ல பாக்கச் சொன்னா என்ன?”

“அறையை வாடகைக்கு விட்டவரும் லீவு. மெஷின்தான் பேசுது. செவ்வாய்க்கிழமை வருவாராம்.”

“அந்த சர்வரை அங்க கொண்டுபோய் வெச்சது யாரு?”

“போன இலையுதிர் காலத்துல ஒரு லாரியில அனுப்பினோம். வந்து சேர்ந்துடுச்சுன்னு தகவல் வந்துது. ஆன் ஆச்சு. நான் நேர்ல போய்ப் பாக்கல. பயணச் செலவுக்கு அனுமதி கிடைக்கல.”

பாஸ் ஒரு சுளையை வாயில் போட்டார். “இப்போ இங்கருந்து ஒரு ‘ஹலோ’ சொன்னா ஒவ்வொண்ணும் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குக் காட்டுங்க.”

சுனிவா தட்டினாள். ஸ்டைன்டாலின் பதில் வந்தது. பூடோவின் பதில் வந்தது. பாஸ் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் திரைக்கு அருகே போனார்.

“மறுபடி.”

மறுபடி தட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டு எண்களும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருந்தன.

“பூடோ சர்வர் படு சுறுசுறுப்பு பாஸ்” என்றேன். “சம்பளத்தை ஏத்திக் குடுக்கலாம்.”

“டேய், ஸ்டைன்டால் எங்க இருக்கு?”

“இங்கருந்து காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடலாம்.”

“பூடோ?”

“அதுக்குள்ள ரெண்டு தடவை கல்யாணமே பண்ணிக்கலாம்.”

“சேதி வெளிச்சமா கண்ணாடி இழைக் கேபிளுக்குள்ள ஓடுது. அதுக்கும் ஓட நேரம் வேணும்ல? பதில் மெதுவா வர்றதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். இவ்வளவு வேகமா வர்றதுக்கு ஒரே ஒரு காரணம்தான்.”

சுனிவாவின் முகம் வெளுத்தது. “அது பக்கத்துல இருக்கணும்” என்றாள் மெதுவாக. “ஐயோ… இதை நான் தினம் பாக்கறேனே! வடக்கே புதுசா கேபிள் போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன். பதில் தாமதமா வந்தா சிவப்பு விளக்கு எரியற மாதிரி வெச்சிருக்கோம். சீக்கிரம் வந்தா எரியற மாதிரி யாருமே வைக்கல.”

“சீக்கிரம் வர்றவனை எந்த ஊர்லதான் சந்தேகப்படறாங்க?” என்றேன். “எங்க ஆபீஸ்ல பாஸ் மட்டும்தான்.”

“நீ ஒரு தடவை சீக்கிரம் வந்து பாரு, அப்புறம் பேசலாம்” என்றபடி பாஸ் கோட்டை எடுத்தார். வாசலில் நின்று திரும்பினார். “சுனிவா, இந்த நாற்காலியை விட்டு எழுந்துடாதீங்க. போன் பக்கத்துலயே இருக்கட்டும்.”

மலைப்பாதை முழுக்க நான் என் கண்டுபிடிப்பை விளக்கிக்கொண்டு வந்தேன். பூடோ வீட்டுக்காரன் ஃபிராடு. வாடகையை வாங்கிக்கொண்டு, லாரிக்காரனைச் சரிக்கட்டி, மூன்றாவது சர்வரையும் ஸ்டைன்டால் பால் பண்ணையிலேயே இறக்கிவிட்டான். ஒரே கட்டடம், ஒரே கரண்ட், இரண்டும் ஒன்றாகப் போயின. கேஸ் முடிந்தது, சாப்பிடப் போகலாம்.

பாஸ் ‘ம்’ கொட்டினார். அந்த ‘ம்’மை எனக்குத் தெரியும். குழந்தை கிறுக்கிய படத்தைப் பார்த்துச் சொல்கிற ‘ம்’.

ஸ்டைன்டாலில் பனி இன்னும் இடுப்பளவு. பால் பண்ணை பூட்டியிருந்தது. ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். விசாலமான வெற்று அறை. நடுவில் பச்சை விளக்கோடு ஒரே ஒரு பெட்டி.

“ஒண்ணுதான் பாஸ்” என்றேன். என் குரலில் சுருதி இறங்கிவிட்டது.

“ஒண்ணுதானே இருக்கணும்?”

“அப்போ மூணாவது எங்க?”

“பசிக்குது. முதல்ல சாப்பிடலாம்” என்றார். இந்தப் பெண்மணிக்குப் பசித்து நான் பார்த்ததே இல்லை.

ஹல்வார்டின் மலைவீடு பால் பண்ணைக்கு நேர் மேலே, ஒரு சரிவு ஏறினால் வந்துவிடும். மனிதர் வாசலிலேயே நின்றார். முழங்கையில் கிழிந்த கம்பளி ஸ்வெட்டர். எங்கள் ஊரில் பணம் ஏற ஏற ஸ்வெட்டரில் ஓட்டையும் ஏறும். ஏழைகள்தான் புதுசு வாங்குவார்கள்.

“வணக்கம் சார்” என்றேன்.

“சார் மோர் எல்லாம் வேண்டாம்! ஹல்வார்ட்னு கூப்பிடு. இங்க எல்லாரும் சமம்” என்று முதுகில் ஓங்கித் தட்டினார். “பாத்தீங்களா ஒட்னி, இதான் என் அரண்மனை. கரண்ட் கிடையாது. தண்ணிய ஓடையிலருந்து நானே சுமந்துட்டு வரேன். கக்கூஸ் வெளிய. மனுஷனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?”

“உள்ள ஒரு கக்கூஸ் வேணும்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

உள்ளே மேஜையில் மெழுகுவர்த்திகள். ஆட்டுக்கால், உருளைக்கிழங்கு, பழுப்பு சீஸ். குட்டொர்ம் கழுத்தில் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு ஏற்கெனவே பாதி ஆட்டைத் தாண்டியிருந்தார். பக்கத்து மலைவீட்டுக்காரர், ஹல்வார்டோடு பனிச்சறுக்குப் போகிறவர், போலீஸ் வேலை அப்புறம்தான்.

“சொல்லுங்கம்மா” என்றார் வாய் நிறைய. “அந்தப் பொண்ணுதானே?”

“சாப்பிட்டுட்டுச் சொல்றேன்” என்றார் பாஸ்.

நான் உட்கார்ந்தேன். கோட்டைக் கழற்றினேன். ஸ்வெட்டரைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் சட்டையின் மேல் பட்டன்களும் திறந்துகொண்டன. நெற்றியில் வேர்வை.

“உடம்புக்கு என்னடா?” என்றார் பாஸ்.

“ஒண்ணுமில்ல பாஸ். எளிய வாழ்க்கை புழுங்குது.”

கணப்படுப்பில் இரண்டு கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. போட்டோ எடுக்கத்தான் போதும், ஒரு பூனை குளிர்காயக்கூடக் காணாது. பாஸ் கத்தியால் வெண்ணெயைத் தொட்டார். கத்தி அப்படியே வழுக்கி உள்ளே இறங்கியது.

“தோர்கெல், வரும்போது விறகு அடுக்கைப் பாத்தியா?”

“பாத்தேன். மேல முழங்கால் உயரத்துக்குப் பனி. இந்த வருஷம் ஒரு கட்டையைக்கூட உருவின மாதிரி இல்ல.”

“கூரை?”

“சுத்திவர எல்லா வீட்டுக் கூரையும் வெள்ளை. இது மட்டும் சுத்த வழுக்கை.”

ஹல்வார்ட் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் லேட்டாக வந்தது. “தெற்குப் பாத்த வீடு. வெயில் நல்லா விழும். ஒட்னி, நான் உங்களைக் கூப்பிட்டது என் கூரையைப் பாக்க இல்ல.”

“சரிதான்” என்று பாஸ் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு ஆட்டுக்கால் பக்கத்தில் வைத்தார். “சுனிவா, பூடோ சர்வருக்கு ஏதாவது கஷ்டமான வேலை குடுக்க முடியுமா? மூச்சு முட்டற மாதிரி?”

“குடுக்கலாம் மேடம். போன வருஷத்து அலாரம் மொத்தத்தையும் திருப்பி எண்ணச் சொல்றேன்.”

“சொல்லுங்க.”

குட்டொர்ம் மென்றுகொண்டிருந்தார். ஹல்வார்ட் உப்பைத் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது. முதலில் ஒரு முனகல். பின்சுவரில் இருந்த மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. முனகல் ஏறி விசில் ஆயிற்று, விசில் ஏறி ஓலம் ஆயிற்று. மெழுகுவர்த்தித் தட்டு கிண்கிண் என்று ஆடியது.

“அது என்ன?” என்றார் குட்டொர்ம்.

“காத்து” என்றார் ஹல்வார்ட். “அது… வெந்நீராவி அறை. பலகை இடுக்குல காத்து புகுந்து கத்தும்.”

“சுனிவா, நிறுத்துங்க” என்றார் பாஸ்.

ஓலம் இறங்கி அடங்கியது.

“மறுபடி குடுங்க.”

ஓலம் ஏறியது.

“சொன்ன பேச்சு கேக்கற காத்து!” என்றேன். “எங்க வீட்டுக்கு ஒண்ணு கிடைக்குமா ஹல்வார்ட்?”

குட்டொர்ம் கையில் முள்கரண்டியோடு எழுந்து போய்க் கதவைத் திறந்தார். அனல் முகத்தில் அடித்தது. நீராவி அறையில் உட்காருகிற பலகைக்குக் கீழே, நீல விளக்கு மின்ன, விசிறிகள் அலற, உட்கார்ந்திருந்தது பூடோ. அதன் நெற்றியில் ஒட்டியிருந்த சீட்டில் பூடோ என்றே எழுதியிருந்தது. அதைக்கூடக் கிழிக்கவில்லை மனிதர். மலைக்கு வந்துவிட்டால் யார் வேலை செய்வார்கள்?

“லாரியை வழியில நிறுத்திட்டீங்க” என்றார் பாஸ். “வந்து சேர்ந்ததுன்னு தகவல் அனுப்பினதும் நீங்கதான்.”

ஹல்வார்ட் நிமிர்ந்தார். இந்த மாதிரி ஆட்களுக்கு மாட்டிக்கொண்டால் வெட்கம் வராது, கொள்கை வரும். “ஆமா, வெச்சேன். என்ன தப்பு? அந்தச் சூடு அங்க வீணாத்தானே போகும்? வீணாப் போறதைப் பயன்படுத்தறதுதான் பசுமை வாழ்க்கை. உலகமே அதைத்தான் பண்ணச் சொல்லுது.”

“பசுமைதான்” என்றேன். “சிகுர்ட் தரையில கெடந்தப்போ உங்களுக்கு உள்ளங்கால் குளிரல பாருங்க.”

“வாயை மூடு! வியாழக்கிழமைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது சோலார்ல ஓடுது. பள்ளத்தாக்குக் கரண்டே இதுக்குக் கிடையாது. ஸ்டைன்டால் விழுந்தா இது ஏன் விழணும்? அவ அணைச்சா. குட்டொர்ம், அவதான் அணைச்சா! பூடோவுல இருந்தா என்ன, இங்க இருந்தா என்ன?”

குட்டொர்ம் எங்களைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். அவர் சொல்வதில் ஒரு ஓட்டையும் இல்லை. இது தனி ஒயர் என்றால் சுனிவா மேலிருக்கிற பழி அப்படியே நிற்கும். கூரைமேல் இரண்டு சோலார் தகடுகள் இருந்ததை நானே பார்த்தேன். ஒயர் எங்கே போகிறது என்று பார்க்க, பாஸ் பலகைக்குக் கீழே குனிந்தார்.

அப்போதுதான் அந்த மகானுபாவர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

“தீ!” என்று கத்தினார். “புகையுது! தீ!” புகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீராவி கிளப்பச் சூடான கல்லின் மேல் ஊற்றுவதற்காக வைத்திருந்த மர வாளியைத் தூக்கினார், தண்ணீர் முழுவதையும் சர்வர் தலையில் கவிழ்த்தார். பாஸை நான் பின்னால் இழுக்காவிட்டால் அவருக்கும் அபிஷேகம் ஆகியிருக்கும்.

பட்டென்று ஒரு வெடிச் சத்தம். விசிறிகள் நின்றன. நீல விளக்கு போயிற்று.

“போச்சு” என்றார் ஹல்வார்ட் மூச்சு வாங்க. “நல்லவேளை, வீடு பிழைச்சுது. இப்போ எதை வெச்சு என்ன நிரூபிப்பீங்க?”

மேஜையில் இருந்த போன் பேசியது.

“மேடம், பூடோ செத்துடுச்சு.” சுனிவாவின் குரல். அடுத்த நொடி அது வீறிட்டது. “ஸ்டைன்டாலும் போச்சு! ரெண்டும் ஒண்ணா! வியாழக்கிழமை மாதிரியே! மேடம், அலாரம் நின்னுடுச்சு!”

குட்டொர்ம்தான் முதலில் வாயைத் திறந்தார். பனிச்சறுக்கு நண்பர் போய்விட்டார், போலீஸ்காரர் வந்துவிட்டார். “ஹல்வார்ட். உன் வீட்டு வாளித் தண்ணியில கீழ பால் பண்ணை எப்படிய்யா அணையும்? உனக்குத்தான் சோலார் ஆச்சே?”

ஹல்வார்ட் காலி வாளியைக் கீழே வைத்தார்.

“ஏன்னா ரெண்டும் ஒரே கரண்ட்” என்றார் பாஸ். “பால் பண்ணை போர்டிலருந்து திருட்டு ஒயர். வியாழக்கிழமை இந்தப் பெட்டி அணைஞ்சு வீடு ஜில்லுன்னு ஆனவுடனே இவருக்கு எல்லாம் புரிஞ்சிருக்கும். வெள்ளிக்கிழமை காலையில எங்களைக் கூப்பிட்டு அந்தப் பொண்ணு பேரைச் சொன்னாரு. மூணு ஊருன்னு அவ நெனைச்சு நிம்மதியா தூங்கினா. ரெண்டே ஊருதான். இப்போ சாவியைக் குடுங்க.”

“எந்தச் சாவி?”

“பால் பண்ணை சாவி. அங்க போய் சுவிட்சைத் தூக்கணும். நாடு முழுக்க அலாரம் செத்துக் கெடக்கு.”

அந்த ஆள் பின்னால் நகர்ந்து கால்சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். “முதல்ல என் வக்கீல்கிட்ட பேசணும். போர்டுல யாரும் கை வைக்கக் கூடாது. அது… அது சாட்சியம் இல்லையா?”

வக்கீலாம்! எனக்கு ரத்தம் கொதித்தது. எத்தனை சமையலறையில் எத்தனை சிகுர்ட் இந்த நிமிஷம் விழுந்து கிடக்கிறார்களோ, இவருக்கு வக்கீல் வேண்டுமாம். நான் ஏதோ செய்வதற்குள் குட்டொர்ம் ஒரே எட்டில் வந்து, கிழிந்த ஸ்வெட்டரின் கழுத்தைப் பிடித்து அவரைச் சுவரோடு சேர்த்தார். இன்னொரு கையால் பையைத் துழாவிச் சாவியை எடுத்து எனக்கு வீசினார்.

“ஓடுறா!” என்றார் பாஸ்.

மேஜைமேல் இருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்கு. இடுப்பளவு பனியில் பாதி விழுந்து, பாதி உருண்டு, சட்டைக்குள் ஒரு கூடை பனியோடு பால் பண்ணைக் கதவில் போய் மோதினேன். பூட்டில் சாவி நுழைய மறுத்தது. நான்தான் தலைகீழாகச் சொருகியிருந்தேன், சாவி மேல் தப்பில்லை.

உள்ளே கும்மிருட்டு. பச்சை விளக்கும் இல்லை. போன் வெளிச்சத்தில் சுவரில் மாட்டியிருந்த போர்டைக் கண்டுபிடித்தேன்.

“சுனிவா, போர்டுக்கு முன்னால நிக்கறேன். என்ன பண்ணணும்?”

“பெரிய சுவிட்ச் கீழ விழுந்திருக்கும். தூக்குங்க.”

தூக்கினேன். டப்பென்று என் விரலை நசுக்கிவிட்டு மறுபடி விழுந்தது.

“நிக்க மாட்டேங்குது!”

“எங்கயோ ஷார்ட் ஆகுது. போர்டிலருந்து போற ஒயர் எல்லாத்தையும் சொல்லுங்க. என்ன கலர்?”

“கருப்பு. கருப்பு. இதுவும் கருப்பு. அடியில ஒண்ணு மட்டும் ஆரஞ்சு, சுவத்துல ஓட்டை போட்டு வெளிய போகுது.”

“ஆரஞ்சா? நான் ஆரஞ்சு போடவே இல்லையே.” மேலே பேசியதெல்லாம் ஸ்பீக்கர் வழியே அவளுக்குக் கேட்டிருக்கும், தன்னை என்ன செய்யப் பார்த்தார்கள் என்பதும் புரிந்திருக்கும். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “பிளக் இருக்கா? பிடுங்குங்க. சீக்கிரம்.”

இரண்டு கையாலும் பிடித்து, சுவரில் காலை உதைத்து இழுத்தேன். ஒயர் கையோடு வந்தது, நான் தரையோடு போனேன். எழுந்து சுவிட்சைத் தூக்கினேன். நின்றது. அறை உறுமியது. பச்சை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டி, யோசித்து, எரிந்தது.

“ஸ்டைன்டால் வந்துடுச்சு” என்றாள் சுனிவா. “ஆஸ்லோவோட பேசுது… ரெண்டு பேர் ஆச்சு. ஓடுது. அலாரம் ஓடுது!”

நான் தரையிலேயே உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. இந்த மாதிரி நேரத்தில் சொல்வதற்கென்றே வழியெல்லாம் ஒரு நல்ல வசனம் யோசித்து வைத்திருந்தேன். “சுனிவா” என்று ஆரம்பித்தேன். “மேல வீட்டுல குட்டொர்ம் ஹல்வார்ட் கழுத்தைப் பிடிச்சிட்டு நிக்கறாரு. இனிமே உங்களை யாரும்…”

“இருங்க, இருங்க. கால் நிறைய வருது. நின்னிருந்த நேரத்துல யாரோ அழுத்திட்டே இருந்திருக்காங்க. உள்ள ரெண்டு பேரும் வேற கால்ல இருக்காங்க. நான் எடுக்கறேன்.”

போனை அவள் வைக்கவில்லை, மேஜைமேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் தூரத்திலிருந்து, ஜெயிலுக்குப் போக வேண்டிய அந்தக் குற்றவாளியின் குரல் கேட்டது.

“சொல்லுங்க, கேக்குது. எங்க விழுந்தீங்க? … இல்ல, இல்ல, அழாதீங்க. நீங்க அழுத்தினது வந்துடுச்சு.”